பச்சைப் பொத்தானில் செருகிய கட்டை

தண்ணீரைக்கூட மென்று குடிக்கிற ஆள் அவர். அந்தத் தகரப் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பூட்டுப் போட்டிருந்த ஒரே மனிதர். அதனால் பூட்டுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. பூட்டி வைத்துக் கெட்டவன் எவனும் கிடையாது, நம்பிக் கெட்டவன்தான் ஊரெல்லாம் இருக்கிறான் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அவருக்குப் பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை அச்சின் மேல் வைத்துவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு பச்சைப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே நிற்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் விட மூன்றாவது கைக்கு எங்கே போவது? மெஷினைச் செய்தவன் புத்திசாலி. ஆனால் சூப்பர்வைசர் கேட்கிற வேகத்துக்கு அந்தப் புத்தி ஒத்துவராது. அதனால் எல்லோருமே ஒரு பொத்தானை அழுத்தி, அது எழும்பாதபடி இடுக்கில் சின்ன மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். ஒரு கை அழுத்தும், மறு கை தகடு மாற்றும். சூப்பர்வைசர் பார்ப்பார். பார்க்காதவர் மாதிரி நடந்து போவார்.

ஒருநாள் தகடு மாற்றும் கை மேல் அந்த இரும்பு இறங்கிவிட்டது. தரையில் கிடந்தபோது பூட்டுக்காரர் ஒன்றைக் கண்ணால் பார்த்தார். பக்கத்து மெஷின் நெட்டையன் ஓடி வந்து, பொத்தானில் இருந்த கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் இவரைத் தூக்கவே குனிந்தான்.

அந்தக் காட்சி ஆஸ்பத்திரியிலும் அவரை விடவில்லை. அதற்கேற்ற மாதிரி கம்பெனியிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: "மெஷினைப் பார்த்துவிட்டோம். இரண்டு பொத்தானும் நன்றாக வேலை செய்கிறது. கை உள்ளே போக வழியே இல்லை. பழைய இரும்புக் குவியலில் சொந்தத்துக்கு எதையோ பொறுக்கப் போய் அடிபட்டிருக்கிறார். அது வேலையில் பட்ட காயம் ஆகாது."

வேலையில் பட்ட காயம் இல்லையென்றால் வைத்தியம் அவரவர் பாடு. மிச்சமிருக்கும் விரல்கள் மடங்குவதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது நடக்காவிட்டால் அந்தக் கை சும்மா தொங்க வேண்டியதுதான். திரும்ப வேலையும் கிடையாது.

"பாத்தியாடி, நெட்டையன் வேலையை! என் மெஷின் ஜன்னலோரம் இருக்குல்ல, காத்து வரும். அதுக்கு ஆசைப்பட்டுத்தான் கட்டையை ஒளிச்சுட்டான்" என்றார் மனைவியிடம்.

"அவர்தானே உங்களைத் தூக்கிட்டு ஓடினாரு?"

"தூக்கினவனே குழியிலயும் போடுவான்."

"சரி, தொழிலாளர் ஆபீசுக்காவது போய்க் கேளுங்க. கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"சட்டம் பணக்காரன் வீட்டு நாய்டி. நம்மளப் பாத்தா மட்டும்தான் குரைக்கும்."

"குரைக்கட்டும். நானும் கூட வரேன், கல்லெடுத்துக்கிட்டு" என்றாள் அவள். அவள் நச்சரிப்புக்கு அந்த நாயே தேவலை என்று கிளம்பினார்.

விசாரணை நடந்த அறை சின்னது. சுவரோரம் நாற்காலிகள், தலைக்கு மேல் முனகும் மின்விசிறி. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா. சூப்பர்வைசர் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். குவியல் கதையைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார்.

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தாத்தானே மெஷின் இறங்கும்? அப்புறம் கை எப்படி உள்ள போச்சு?"

பூட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டையைப் பற்றிச் சொன்னால் விதியை மீறியவர் ஆவார். சொல்லாவிட்டால் பொய்யர் ஆவார். வாய்க்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி முழங்கையால் இடித்தாள்.

அப்போது கதவு திறந்தது. குனிந்து உள்ளே வந்தவன் நெட்டையன். வேலையில் போட்ட எண்ணெய்ச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். சூப்பர்வைசர் முகம் சுருங்கியது.

"நீ எதுக்குய்யா வந்த? ஷிஃப்டுல இல்ல?"

நெட்டையன் அவரைப் பார்க்கவேயில்லை. சட்டைப்பையிலிருந்து கட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"அம்மா, இது அண்ணனோட பொத்தான்ல இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். கட்டை இருந்தா பழி அண்ணன் மேல வந்துடும், வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன். நல்லதுன்னு நெனச்சு அவர் குடியைக் கெடுத்துட்டேன். நேத்துதான் கம்பெனி என்ன சொல்லுதுன்னே தெரிஞ்சுது."

"இது அவரோடதுதான்னு எப்படி நம்பறது?"

"திருப்பிப் பாருங்கம்மா. எவனாவது திருடிடுவான்னு கத்தியால பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்காரு. ஒரு துண்டு மரத்துக்கு அடையாளம் போடற ஆளு உலகத்துலயே இவர் ஒருத்தர்தான்."

அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

சூப்பர்வைசர் எழுந்தார். "அப்ப தப்பு இவர் மேலதானே! பாதுகாப்பை இவரே கெடுத்திருக்காரு!"

"உக்காருங்க. மத்த மெஷின்ல கட்டை இல்லையா?"

"எல்லாத்துலயும் இருக்கும்மா" என்றான் நெட்டையன். "இல்லேன்னா சூப்பர்வைசர் கேக்கற வேகம் வராது. தெனமும் பாத்துட்டுத்தான் போவாரு."

சூப்பர்வைசர் கைக்குட்டையைத் தேடினார்.

அதிகாரி நிதானமாகச் சொன்னார்: "ஐயா, கட்டை வெச்சது தப்பு. இனிமே யாரும் வெக்கக் கூடாது. ஆனா கை போனது கம்பெனி வேலை செய்யும்போது, கம்பெனி மெஷின்ல. அவசரத்துல, அசட்டையில பட்டாலும் வேலையில பட்ட காயம் வேலையில பட்ட காயம்தான். உங்க ஆபரேஷனைக் கம்பெனிதான் பாக்கணும். கை ஆறினதும் உங்களால முடிஞ்ச வேலையும் குடுக்கணும். இதைச் சொன்னதுக்காக இந்தத் தம்பியைத் தொட்டாங்கன்னா நேரா என்கிட்ட வாங்க."

இத்தனை வயதுக்குப் பூட்டுக்காரரை யாரும் இப்படி நேராகப் பார்த்து, உங்களுக்கு இது உண்டு என்று சொன்னதில்லை. கும்பிடலாம் என்று கைகளைத் தூக்கினார். கட்டுப்போட்ட கை பாதியிலேயே நின்றது. "இருக்கட்டும் ஐயா" என்றார் அந்த அம்மா.

வெளியே வராந்தாவில் நெட்டையன் சுவரைப் பார்த்து நின்றான்.

"உன்ன நான் திருடன்னு நெனச்சேன்டா" என்றார் பூட்டுக்காரர். சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது.

"தெரியும்ணே. நீங்க யாரைத்தான் நெனைக்கல?"

"உன் வேலை போயிருந்தா?"

"உங்களுக்குக் கையே போச்சு."

பூட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்தார். இடது கையால் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்தார். மனைவிக்குக்கூடக் கொடுக்காத சாவி. அதை நெட்டையன் பக்கம் நீட்டினார்.

"எனக்கு ஒத்தைக் கையால வரல. நீ தொற."

நெட்டையன் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, நெஜமாவா?"

"தொறடா. ஒருத்தன் சாப்பாடு. ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

"அப்ப எனக்கு?" என்றாள் மனைவி.

"நீ கல்லைக் கொண்டு வந்தியே, அதைத் தின்னு" என்றார். சொல்லிவிட்டு நகர்ந்து அவளுக்கும் பெஞ்சில் இடம் விட்டார்.

திரும்பிப் போகும்போது டப்பாவில் பூட்டு இல்லை. நெட்டையனின் சட்டைப்பையில், கட்டை இருந்த இடத்தில், அது கிடந்தது. அவரும் திருப்பிக் கேட்கவில்லை.