பார்த்துக்கொண்டே இருந்தவள்

வரலட்சுமிக்குக் கண் தெரியாமல் போனது ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில். முந்தின நாள்தான் மூன்று வயதுப் பிள்ளை தணிகாசலத்தைத் திருத்தணிச் சரவணப் பொய்கைத் தண்ணீரில் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தவள், "இன்னும் விடியலையா?" என்று கேட்டாள். வீடு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிப்பட்டு சனங்கள் முதலில் உருகித்தான் போனார்கள். வேப்பிலை அடித்தார்கள். முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார்கள். ஆனால் ஊர் இரக்கத்துக்கு ஆயுசு குறைச்சல். நடைவழியில் இருந்த தண்ணீர்க் குடத்தை வரலட்சுமி இடிக்காமல் சுற்றிக்கொண்டு போனதைக் அவள் புருஷன் கஜபதியின் அக்காள் தாயம்மாள் பார்த்துவிட்டாள். தாயம்மாள் தறியில் நெய்வதைவிட வாயால் அதிகம் நெய்பவள்.

"நடிக்கிறாடா உன் பொண்டாட்டி! புள்ளையப் பாத்துக்காம வுட்டதுக்கு ஊரு கேள்வி கேக்குமேன்னு கண்ணு தெரியலங்கிறா. திருத்தணி டாக்டர்கிட்ட காட்டு. கண்ணுல ஒண்ணுமில்லன்னு அவரு சொல்லிட்டாருன்னா, அப்பிடியே ரயிலேத்தி அவ ஆயி வூட்டுக்கு அனுப்பிட்டு வா."

சொன்னதோடு நிற்காமல் துணி மூட்டையையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். அப்படி அனுப்பப்பட்டவளை யாரும் திரும்ப அழைத்துக்கொள்வதில்லை. அது கஜபதிக்கும் தெரியும், வரலட்சுமிக்கும் தெரியும்.

கஜபதி கெட்டவன் இல்லை. ஆனால் மூன்று மாதமாக அவனும் தூங்கவில்லை. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இழை ஒன்று அறுந்தால் தறியையே உதைக்கலாம் போலக் கோபம் வரும். அத்தனையும் எங்கேயாவது இறங்கியாக வேண்டுமே, பெண்டாட்டி மேல் இறங்கியது. "பாக்காம இன்னா பண்ணிகினு இருந்தே?" என்று ஒரே கேள்வியைத் தினமும் கேட்டான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று தெரிந்தேதான் கேட்டான். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரிப்புகை விட்டுக்கொண்டு போகும் பஸ்ஸில் இருமி இருமித் திருத்தணி வந்து சேர்ந்தார்கள். டாக்டர் வரலட்சுமியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்துக்கு நேரே சட்டென்று விரலை நீட்டினார். இமை கொட்டியது.

"கண் நன்றாக இருக்கிறது" என்றார்.

கஜபதிக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்ப நடிப்புதானே சாமி?"

"நான் அப்படிச் சொன்னேனா? கண் வாங்கிக் கொடுப்பதோடு சரி. பார்ப்பது மூளை. தாங்க முடியாத அதிர்ச்சி வந்தால், கண் கொடுப்பதை மூளை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். சண்டைக்குப் போய் வந்த சிப்பாய்களுக்குக்கூட இப்படி ஆகியிருக்கிறது. அவளாக வேண்டுமென்று செய்வதில்லை. திட்டாதே, தூங்கவிடு. நீயும் தூங்கு. உன் கண் சிவந்து கிடக்கிறது பார்."

டாக்டர் இத்தனை சொன்னதில் கஜபதி பிடித்துக்கொண்டது முதல் வார்த்தையை மட்டும்தான். நமக்கு வேண்டியதுதானே நம் காதில் விழும்!

கடைத்தெருவில் நடக்கும்போது திடீரென்று அவள் கையை உதறிவிட்டு ஒதுங்கி நின்றான். எதிரே ஒரு ஜட்கா வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் வாய் திறப்பதற்குள் வரலட்சுமி இரண்டு எட்டு விலகிச் சுவரோரம் நின்றுவிட்டாள்.

"கண்ணு தெரியாதவ எப்பிடிடி ஒதுங்கினே?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"தெரியலீங்க. ஒடம்பு தானா நவுந்துச்சு."

அவன் நேராக ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்து, மூட்டையை அவள் மடியில் வைத்தான். ரயில் வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மூட்டையைத் தடவிப் பார்த்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னாள்.

"பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள். "புள்ளைக்கு மொட்டை போட்டு முடிச்சதும், 'நானும் மொட்டைக்கு உக்கார்றேன், நீ பொய்கைக்கு இட்டுகினு போ, கண்ணை எடுக்காதே'ன்னு சொன்னீங்க. எடுக்கவே இல்லீங்க. மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சத் துண்டு. எனக்குக் கீழ்ப் படியில உக்காந்து தண்ணியக் கையால அடிச்சிகினு இருந்தான். முதுகுதான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பினான். வேற யாரோ பெத்த புள்ளைங்க அது."

கஜபதி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கூட்டத்துல எப்ப மாறினான்னு தெரியல. அத்தினி நேரமும் ஊரான் புள்ளையப் பாத்துக்கினு இருந்திருக்கேன். பாத்தேன்னு சொன்னா யாரு நம்புவாங்க? என் கண்ணே என்னை ஏமாத்திடுச்சே."

அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தான். வேறொன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தானும் மொட்டை போட்டுக்கொண்டு பொய்கைப் படியில் இறங்கியபோது, மூன்று வருஷமாகப் பார்த்துப் பழகிய சுருட்டைமுடியைத்தான் அவன் கண் கூட்டத்தில் தேடியது. கால்மணி நேரம் முன்பு பிள்ளைக்கு முடி இறக்கியதை அவன் கண் இன்னும் நம்பவில்லை. வழியை மறித்துக்கொண்டு ஒரு மொட்டைப் பிள்ளை முதுகைக் காட்டி நின்றது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டு இறங்கினான். உள்ளங்கையில் ஒட்டிய சந்தனத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அந்தப் பிள்ளையின் துண்டில் ஓரமாக இரட்டைப் பச்சை இழை ஓடியது. மகனுக்கென்று அவனே தன் தறியில் ஓட்டிய இழை. கண் அன்றே பார்த்துவிட்டது. அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

தூரத்தில் ரயில் கூவியது. வாயை மூடிக்கொண்டு இவளை ஏற்றிவிட்டால் போதும், இது யாருக்கும் தெரியப்போவதில்லை. தாயம்மாள் சரியென்பாள், ஊரும் சரியென்னும். பாழாய்ப்போன மனசு அதையும் ஒருகணம் கணக்குப் போட்டுப் பார்த்தது.

"வரலட்சுமி" என்றான். "நானும் பாத்தேன்."

திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தான்.

"அழுதுகினு இருந்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்ற பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பாவம்கூட இல்லை.

"ஆங்" என்றான். "நைனா, நைனான்னு அழுதுகினு இருந்தான். எந்தப் புள்ளையோ அப்பனைத் தேடுதுன்னு நெனச்சிட்டேன்."

ரயில் வந்து நின்றது. சனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். பெஞ்சிலிருந்து இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அவனத் தொட்டது எந்தக் கைங்க?" என்றாள் வரலட்சுமி.

வலது கையை நீட்டினான். அவள் தடவிப் பிடித்து, அந்த உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.