சுறா திரும்பும் அகலம்

சுறாவுக்கு மூலை ஆகாதாம். மூலையில் மாட்டினால் திரும்பத் தெரியாமல் மூக்கை இடித்துக்கொண்டே இருக்குமாம். அதனால் தொட்டியின் நான்கு மூலைகளையும் வளைத்துக் கட்ட வேண்டும், எந்தச் சுவரிலும் உரசாமல் அது ஒரு முழு வட்டம் அடிக்க இடம் விட வேண்டும் என்று என் கணவர் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமையலறையில் எனக்கு இரண்டு கையையும் நீட்ட இடமில்லை. அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, ஹால் தரையில் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளில் கசிவை அடைப்பது அவர் தொழில். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் 'கசிவு' என்றே கூப்பிடுவார்கள். போன் எடுத்தால் "கசிவு இருக்காரா?" என்பார்கள், நானும் "குளிக்கிறார்" என்பேன். தனக்கென்று ஒரு தொட்டி கட்ட வேண்டும், அதில் கடல் தண்ணீர் விட்டுச் சுறா வளர்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஏன் இந்தக் கிறுக்கு என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"இத்தன வருஷமா இருட்டுத் தொட்டிக்குள்ள உக்காந்து பூசிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது தொட்டிக்கு வெளிய நின்னு உள்ள பாக்கணும்" என்றார்.



வீடு என் மாமனாருடையது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஹாலைக் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கோப்பா, நான் என்ன அங்க பந்தா ஆடப்போறேன்?" என்றார். சிமெண்ட் கல் சுவர் எழும்பியது. உள்ளே ஃபைபர் விரித்து ரெசின் பூசினார்கள்; அந்த நெடியில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. முன்பக்கம் மட்டும் என் கட்டைவிரல் அகலத்துக்குத் தடிமனான கண்ணாடி. அதைத் தூக்கி வைக்க ஆட்கள் வந்த அன்று தெருவே எங்கள் வாசலில் நின்றது. உப்பு மூட்டை மூட்டையாக வந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு அந்த உப்பைக் கலக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமனார்தான். பனியனோடு நின்று கலக்கிவிட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பார். மகன் அளவுக் கருவியை வைத்துப் பார்ப்பார். அது வேறு சொல்லும். இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன.

தொட்டிக் கண்ணாடிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து மிஞ்சியது. அது போய் முடிகிற இடத்தில் பக்கவாட்டில் மாமனாரின் அறை. அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கசிவு அடைக்கிறவர்கள் வழியை அளக்க நாடா எடுப்பதில்லை. நிறைந்த வாளியோடு ஓர் ஆள் சிந்தாமல் போக முடிந்தால் அது வழி. என் கணவரும் வாளியை நிரப்பிக்கொண்டு நடந்து பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"மாமா, உங்களுக்கு இடுக்கா இருக்காதா?" என்று கேட்டேன்.

"கூட்ட நேரத்துல பஸ்ஸுக்குள்ள முன்னாடிக்கும் பின்னாடிக்கும் போய் வந்தவம்மா நான். இது எனக்கு ராஜபாட்டை" என்று பக்கவாட்டில் நழுவிக் காட்டினார்.

சுறா பிழைக்கும் அளவுக்குத் தண்ணீர் பழக வேண்டுமென்று வாரக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். அதன் பிறகு இரண்டு மூங்கில் சுறாக்கள் வந்தன. கை நீளம்தான், உடம்பெல்லாம் பட்டை பட்டையாக இருக்கும். மணலில் படுத்துக் கிடக்கும், திடீரென்று எழுந்து கண்ணாடி ஓரமாக வரும். அழகுதான், பொய் சொல்வானேன். ஆனால் வீடு வீடாக இல்லை. சுவரெல்லாம் ஓதம். ஜன்னல் கீல்கள் துருப்பிடித்து இறுகின. துவைத்த துணியில் பிசுபிசுப்பு. தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்குப் பேச்சே சண்டை போலாகிவிட்டது.

மாமனார் கடைத்தெருவில் வைத்து விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு மட்டும் மெதுவாக, தெளிவாக வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அப்பாவை அவருக்கு உயிர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சந்துக்குள் நாற்காலி நுழைந்தது. எனக்கு மூச்சு வந்தது. கடைசியில் அறைப் பக்கம் திருப்பும்போதுதான் சக்கரம் சுவரில் இடித்தது, பின்பக்கம் கண்ணாடியில் முட்டியது. முன்னே தள்ளி, பின்னே இழுத்து, எப்படிப் பார்த்தாலும் திரும்பவில்லை. கடைசியில் இவரும் பக்கத்து வீட்டுக்காரரும் மாமனாரைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். நாற்காலியை மடக்கி வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். "தினமும் வெளிய உக்கார வைங்க. வெயில் படணும், நாலு மனுஷங்க முகம் தெரியணும். இப்படியே ரூமுக்குள்ள கெடந்தா கையும் வராது, மனசும் விட்டுடும்."

தினமும் தூக்கி வர இரண்டு ஆண்களுக்கு எங்கே போவது? மனசு விடத்தான் செய்தது. மாமனார் சவரம் வேண்டாமென்றார். பிறகு பேப்பர் வேண்டாமென்றார். பிறகு பயிற்சியும் வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தொட்டிய எடுத்துடுங்க" என்றேன் கணவரிடம்.

"எடுத்துட்டு? அதுங்கள எங்க விடுறது? கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேங்கிறார். இந்தத் தண்ணி உருவாக எத்தன நாளாச்சு தெரியுமா? உடைச்சா ரெண்டும் செத்துடும்."

"உள்ள ஒருத்தர் கெடக்கிறார்."

"எனக்குத் தெரியாதா? ஏதாவது பண்றேன். கொஞ்சம் பொறு."

பண்ணினார். இருப்பதிலேயே ஒடுக்கமான நாற்காலி ஒன்றைத் தேடி வாங்கி வந்தார், அதுவும் திரும்பவில்லை. அதன் பிறகு தொட்டிக்கு மேல் ஒரு கேமரா மாட்டி, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே டிவி வைத்தார். சுவரில் நாள் முழுக்கச் சுறா நீந்தியது. "அப்பா, படுத்துக்கிட்டே பாக்கலாம்" என்று அவர் காட்டியபோது மாமனார் தலையை ஆட்டி, "நல்லாருக்குப்பா" என்றார். கணவர் வெளியே போனதும் என்னைப் பார்த்து, "தெரு தெரியுமாம்மா இதுல?" என்று கேட்டார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் வீட்டில் முன்னறை பெரிது, ஜன்னலுக்கு நேரே தெரு. "அண்ணி, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், மாமனார் போக வேண்டுமென்று நான் போன் போடவில்லை. தங்கை வந்து அப்பாவைக் கொண்டுபோகிறாள் என்றால் இவருக்குச் சுருக்கென்று தைக்கும், சுத்தியலைக் கையில் எடுப்பார் என்று நினைத்தேன்.

"கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும், அப்பாவுக்கும் மாறுதலா இருக்கும்" என்றார் அவர். முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் காரில் வந்தார்கள். மாமனாருக்குச் சட்டை போட்டுவிட்டேன். "சொந்த வீட்ல இருந்து கெளம்புறேன், நல்ல சட்டையா போடும்மா" என்றார் விளையாட்டாக. என்னால் சிரிக்க முடியவில்லை. கணவர் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார், மாப்பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். சந்துக்குள் பக்கவாட்டில், ஒவ்வோர் அடியாக நகர்ந்தார்கள். நான் தலையணையோடு பின்னால் வந்தேன். நடுவில் மாப்பிள்ளைக்குப் பிடி நழுவியது. மாமனாரின் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பயத்தில் அவருடைய இடது கை எதையாவது பிடிக்கத் தேடி நீண்டது.

"கண்ணாடி! கண்ணாடியப் பாத்து!" என்று கத்தினார் என் கணவர்.

மாப்பிள்ளை காலை மறுபடி இறுக்கிப் பிடித்தார். மாமனார் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்து நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"படலப்பா" என்றார். "கை படல."

காரின் கதவைச் சாத்தும் வரை அந்தக் கையை அவர் இறக்கவே இல்லை.