ஆற்றுப் படுகையில் ஒரு மறைப்பு

“சைட்ல எனக்கு டாய்லெட் வேணும் சார். அது இருந்தாத்தான் வருவேன்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டுவிட்டேன். மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த முகம் வேறு மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் பையில் ஒரு கைப்பிடி ஈர மண்ணைக் கொடுத்து, “இது என்னன்னு சொல்லும்மா” என்றார். பையின் மேல் ‘களிமண்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. கொஞ்சம் கிள்ளி, முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தேன். மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“களிமண் இல்ல சார். களின்னா பல்லுல வெண்ணெய் மாதிரி வழுக்கும். இது நறநறங்குது. வண்டல்தான் அதிகம்.”

“லேப்ல இருந்தும் நேத்து அதேதான் வந்துச்சு. எங்க ஸ்டாஃப் பையன் ஆபீஸ்ல உக்காந்து போட்டோவப் பாத்தே களின்னு எழுதிட்டான்” என்றவர், “திங்கக்கிழமை வந்து சேந்துடு” என்று முடித்தார்.

ஏழு இண்டர்வியூவில் நான் படித்த படிப்பைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். மற்ற ஆறு பேரும் ஒரே கேள்வி: “சைட்ல எப்படிம்மா சமாளிப்ப?” சமாளிச்சுக்குவேன் சார் என்று ஆறு இடத்திலும் பல்லை இளித்தேன். “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். எவனும் சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. ஜியாலஜி. அப்பா குடோனில் மூட்டை இறக்குகிறவர். பெண் என்ன படித்தாள் என்று கேட்டால், “பூமி” என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மிச்சத்தை அத்தை பார்த்துக்கொள்வாள். “கல்லப் பத்திப் படிக்க அஞ்சு வருஷமா? எங்கிட்ட வந்திருந்தா தெனம் அரிசியிலயே பொறுக்கக் குடுத்திருப்பேனே.”

வேலை ஆறு மாதம். புதுப் பாலத்துக்காக ஆற்றுப் படுகையில் துளை போடுகிறார்கள். மெஷின் பக்கத்தில் நின்று, குழாயில் மேலே வருகிற மண்ணையும் பாறையையும் அடி அடியாகப் பார்த்து எழுத வேண்டும். இதற்குத்தானே படித்தேன்? ஆசையாகத்தான் இருந்தது. பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. மரம் இல்லை, புதர் இல்லை, கண்ணுக்கெட்டிய வரை மணல். காலேஜில் ஃபீல்டு போனால் நாலு பேர் போர்வையைச் சுற்றிப் பிடிப்போம், ஒருத்தி உட்காருவாள். இங்கே யார் பிடிப்பது, மெஷின் ஓட்டுகிறவரா?

“ஒரு ஆளுக்காக டாய்லெட் கட்டச் சொல்றியாம்மா?” என்றார் மேனேஜர்.

“நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு குழி சார். குழி தோண்டறதுதான் உங்க தொழிலே.”

“எனக்கும் பொண்ணு இருக்கும்மா. உன் கஷ்டம் புரியாதா?”

“அவங்கள அனுப்புவீங்களா அங்க?”

மணியை அடித்தார். டைப் அடிக்கிற அக்கா ஒரு தாளோடு வந்தார். ‘சைட்டில் உள்ள வசதிகளை அறிந்தே சேருகிறேன். இது குறித்துப் புகார் செய்ய மாட்டேன்.’ எனக்காக அடித்தது இல்லை. ஜெராக்ஸ். பெயருக்குக் கோடு விட்டிருந்தார்கள்.

“இதுக்கு முன்னாடி இதுல யார் கையெழுத்து போட்டாங்கக்கா?”

அக்கா மேனேஜரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு ஒரு மாசம் இருந்துச்சு. இன்னொண்ணு அதுகூட இல்ல.”

“கையெழுத்து போட இஷ்டமில்லன்னா ஆபீஸ்லயே உக்காரு” என்றார் மேனேஜர். “போட்டோ வரும், பாத்துப் பாத்து எழுதிடு. ஏசி வேற.”

“போட்டோவக் கடிச்சுப் பாக்க முடியாது சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “வெளிய அம்மா இருக்காங்கள்ல? கேட்டுட்டு வா.”

அம்மா வராந்தா பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார்மெண்ட் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தாளைப் படித்துக் காட்டினேன்.

“இவ்வளவுதானா? போட்டுடு.”

“காலைல ஏழுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்மா.”

“எந்திரிச்சதும் தண்ணி குடிக்காத. மத்தியானம் ஒரு வாய் நனச்சுக்கோ. வீட்டுக்கு வந்து குடி. கம்பெனில நான் பதினெட்டு வருஷமாப் பழகலையா?”

சமையலில் ஒரு கைப்பக்குவம் சொல்லிக்கொடுப்பது போல அதைச் சொன்னாள். வருடத்துக்கு இரண்டு தடவையாவது நீர்க்கடுப்பில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளினிக்கில் காத்துக் கிடப்பாள். பரீட்சைக்கு முக்கால்வாசிப் பாறைகளை நான் அங்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்தேன்.

“பழகிடுச்சா? அப்ப போன மாசம் பாத்ரூம்ல ஏம்மா அழுத?”

“கத்தாதடி. ஆபீஸு.”

“சொல்லு.”

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். “உங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றது? எட்டாவதா எவன் கூப்பிடுவான் உன்ன?” என்றாள்.

“தெரியலம்மா.”

உண்மையிலேயே தெரியவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: இந்தப் பழக்கத்தை இவளிடமிருந்து நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

உள்ளே போய்த் தாளை மேஜையில் வைத்தேன். கோடு காலியாகவே இருந்தது.

“மறைப்பு கட்டினா போன் பண்ணுங்க சார். அன்னைக்கே வந்து நிக்கிறேன்.”

“அவசரப்படாதம்மா. இன்னும் ரெண்டு நாள் யோசி. இந்த மாதிரி சான்ஸ்…”

“யோசிச்சாச்சு சார்.”

சர்டிபிகேட் ஃபைலை எடுத்துக்கொண்டேன். டைப் அடிக்கிற அக்கா தலையைக் குனிந்து எதையோ தேடுவது போல இருந்தார். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்திருந்தது. வராந்தாவில் அம்மா எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதெல்லாம் அந்தப் பார்வையிலேயே கேட்டாள். நான் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தேன்.