தாடைக்கு மட்டும் கேட்ட வாசிப்பு

இருபத்தாறு வருடம் ஒரு புரோகிரசிவ் ராக் குழுவில் எலெக்ட்ரிக் வயலின் வாசித்தவன் நான். அது என்ன ராக் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டு தொடங்கும்போது வெந்நீர் வைத்தால், குளித்து, தலை துவட்டி, முடி உலர்ந்த பிறகும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் தாளம் ஏழிலிருந்து பதினொன்றுக்குத் தாவும், அங்கிருந்து பதின்மூன்றுக்கு. எங்கள் டிரம்மர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் எண்ணியவர் அவர்.

என் தலைவலி தாளம் அல்ல, மச்சான்தான். கிடார் வாசித்தது என் மனைவியின் தம்பி. என் வயலின் ஒலியை, காலால் மிதித்துக் கரகரப்பு ஏற்றும் உறுமல் பெடலுக்குள் விட்டால் அசல் கிடார் மாதிரியே வெளியே வரும். விரல் தேய நான் வாசிப்பேன். ஜனம் அவனைப் பார்த்துக் கைதட்டும். ஒருமுறை அவன் மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் வாசித்ததற்கு, பாட்டிலோடு சேர்த்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நான் என்ன அத்தான் பண்ணட்டும்? வாசிக்கிறவன் மூஞ்சி எனக்குத்தான் இருக்குபோல."

"உனக்கு மூஞ்சி மட்டும்தான்டா இருக்கு."

பதினோரு வருடம் இப்படி வயிறெரிந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, இது வயலின், வாசிப்பவன் இந்த ஆள் என்று தெரிந்து ஜனம் கேட்க வேண்டும்.

வாய்ப்பும் வந்தது. பெரிய அரங்கில் எங்கள் நிகழ்ச்சியை நேரடியாகப் பதிவு செய்து இசைத்தட்டு போடுவதாக முடிவானது. இருபத்திரண்டு நிமிடப் பாட்டு ஒன்றின் நடுவில் நான்கு நிமிடம் என் தனி வாசிப்பு. நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"அந்த நாலு நிமிஷம் எவனும் எதையும் தொடக்கூடாது. டிரம்மர் குச்சியைக் கீழ வைக்கணும். மச்சான், நீ ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நிக்கணும்."

"போலீஸ் புடிச்ச மாதிரியா அத்தான்?"

"அதேதான். பத்து விரலும் தெரியணும்."

காலடியில் சுருதி பார்க்கும் பெடல் ஒன்று உண்டு. மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி நின்றுவிடும். யார் காதும் கூசாமல் தந்தியை முறுக்கிக்கொள்ளலாம். மறுபடி மிதித்தால் ஒலி வந்துவிடும். என் முறை வருமுன் மிதித்தேன். சுருதி சேர்த்தேன். மறுபடி மிதிக்க மறந்தேன்.

அது கூடவா தெரியாது என்பீர்கள். தெரியாது! டிரம்ஸ் இடிக்குப் பயந்து எங்கள் காதில் எப்போதும் அடைப்பான். வயலினோ தாடையில் அழுந்தியிருக்கிறது. ஒவ்வொரு சுரமும் எலும்பு வழியாகவே மண்டைக்குள் ஏறிவிடும். நான் வாசித்தேன் ஐயா, அன்று வாசித்தேன்! என் மண்டைக்குள் மலைகள் புரண்டன. எதிரே இரண்டாயிரம் பேர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் சவுண்ட் என்ஜினியர் இரண்டு கையையும் வீசிக் குதித்தார். மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்து, அவருக்காகக் கடைசிப் பகுதியை இன்னும் இழைத்தேன்.

முடித்ததும் சுருதி பார்க்கலாம் என்று பெடலில் காலை வைத்தேன். சிவப்பு விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அதே நொடி, கூரை பெயரும்படி ஒரு கைதட்டல்.

"ஏன்டா சொல்லல?" என்று பிறகு மச்சானின் சட்டையைப் பிடித்தேன்.

"கையைத் தூக்கிட்டு சும்மா நில்லுன்னு நீங்கதானே சொன்னீங்க! ஏதோ புது ஐடியான்னு நெனச்சேன்."

"நூத்திநாலு தாளச் சுத்து," என்றார் டிரம்மர் மரியாதையோடு. "ஒண்ணுகூடக் கூடல, குறையல."

ராக் இசையில் இதுவரை எவரும் துணியாத மௌனம் என்று பத்திரிகைக்காரர் எழுதினார். இசைத்தட்டில் அந்த நான்கு நிமிடத்தில் பதிவானது, மூன்றாவது நிமிடம் யாரோ ஒரு புண்ணியவான் இருமிய இருமல் மட்டும். அவ்வளவுதான், பிடித்தது சனி. போன இடமெல்லாம் அந்த மௌனத்தைக் கேட்டார்கள். மூன்றாவது நிமிடம் அரங்கமே ஒன்றாக இருமும். ஒலியோடு வாசிக்கட்டுமா என்று கேட்டால், கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் போலப் பார்த்தார்கள். பதினைந்து வருடம் ஊமை வயலின் வாசித்தேன். வீட்டுக்கு வந்து கதவு, ஜன்னல், சாம்பார் எல்லாவற்றின் மீதும் எரிந்து விழுந்தேன்.

கடைசி நிகழ்ச்சியன்று மனைவி சொன்னாள்: "இன்னைக்காவது சத்தமா வாசிச்சுத் தொலைச்சுட்டு வாங்க. உங்க புலம்பலைக் கேட்டு என் காது தேஞ்சுபோச்சு."

வாசித்தேன். அன்று சுருதிகூடப் பார்க்கவில்லை; பார்த்தால் அந்தப் பெடலை மிதிக்க வேண்டும், என் கால்மீது எனக்கு நம்பிக்கை இல்லை. வயலின் உறுமியது. பத்து விநாடிதான், அரங்கம் முழுக்க "உஷ்ஷ்!" என்று சீறியது. நான் விடவில்லை. "நிறுத்துய்யா!" என்றார்கள். நான்கு நிமிடமும் வாசித்து முடித்தேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர் கண்ணீரோடு ஓடி வந்தார். என்னைத் தாண்டி நேரே மச்சானிடம் போனார்.

"இவரோட மௌனத்துல கிடார் வாசிக்க உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

பதினைந்து வருடத்தில் அவனுக்குக் கை தூக்கி அலுத்துவிட்டிருந்தது. அன்று நான் வாசித்த நேரத்தில் மேடையில் சாவகாசமாகத் துணியால் கிடார் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, நான் இல்லீங்க! அத்தான், சொல்லுங்க அத்தான்!"

நான் பெட்டியைப் பூட்டுவதில் மும்முரமாக இருந்தேன். அது நெடுநேரம் பூட்ட வேண்டிய பெட்டி.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி மெல்லச் சொன்னாள்: "வாசிச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

இரண்டாயிரம் பேர் போகட்டும், ஒருத்திக்குக் கேட்டிருக்கிறதே!

"எப்படித் தெரியும்?"

"என் தம்பி இவ்வளவு சுருதி விலகி வாசிக்க மாட்டான்."