சாக்கடையில் விழுந்த முகம்

நாற்றம் ட்ரெபியஸுக்குப் புதிதல்ல. ரோமில் ஊரார் மூத்திரம் நிரப்பிய தொட்டியில் துணியை மிதித்து வெளுத்துப் பிழைப்பவன் அவன். ஆனாலும் பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்தாலே அவனுக்குக் குமட்டும். காரணம் ஓபியஸ். கோள்மூட்டியே வயிறு வளர்க்கும் அந்தச் சனியன் காலையிலிருந்து அங்கேயே குந்தியிருப்பான். பேரரசர் முகம் பொறித்த காசோடு உள்ளே வந்தால் ராஜத்துரோகம், தலை போகும்; கோள் சொன்னவனுக்குச் சொத்தில் கால் பங்கு. அதனால் எல்லோரும் பணப்பையை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

ட்ரெபியஸும் விட்டுவிட்டுத்தான் வந்தான். ரொட்டிக்கென்று இடுப்பில் செருகிய வெண்கலக் காசை மட்டும் மறந்துபோனான். உட்காரும்போது அது நழுவி, ணங்கென்று உருண்டு, கால்மாட்டுச் சாக்கடையில் விழுந்தது. பின்புறம் துடைத்த கடற்பஞ்சுகளைக் கழுவும் அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து, இலைக்கிரீடம் சூடிய முகம் அவனையே பார்த்தது.

"அடடா! யாரைய்யா கூட்டிட்டு வந்திருக்க?" ஓபியஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏழு பேரு சாட்சி. உன் கடையில கால் பங்கு இனிமே எனக்கு!"

ட்ரெபியஸ் கையை விட்டுக் காசை எடுத்தான். வழிந்ததைத் துடைக்காமல் முத்தமிட்டான்.

"தவறி விழுந்தவரை நான் தூக்கிட்டேன். நீ சிரிச்சியே! பேரரசர் பீயில கிடந்தா உனக்குச் சிரிப்பா வருதா? அதுக்கும் இந்த ஏழு பேருதான்யா சாட்சி. வா, முத்தம் குடு!"

ஓபியஸின் முகம் செத்துப்போயிற்று. குனிந்து முத்தமிட்டான். அதோடு விட்டார்களா? யாரும் கேட்காமலே மற்ற ஏழு பேரும் வரிசையில் வந்து உதட்டை வைத்துவிட்டுப் போனார்கள். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

ட்ரெபியஸ் வெளியே வந்து சுவரோரம் வாந்தியெடுத்தான். காசின் மறுபக்கத்தில் உடல்நலம் காக்கும் தேவி தன் பாம்புக்குக் கிண்ணம் நீட்டிக்கொண்டிருந்தாள். கழுவிவிடலாமென்று நீரூற்றுக்குப் போனால், பின்னாலேயே ஓபியஸ். கழுவினால், பேரரசரை அழுக்கு என்கிறான் என்று புதுக் கோள் மூட்டுவான். வீசினாலும் குற்றம்.

ரொட்டிக்கடை ஹெல்வியாவுக்கு இரண்டு கையிலும் மாவு. வழக்கம்போல் காசை வாங்கிப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு ரொட்டியை எடுத்தாள்.

"ஐயோ, வேண்டாம்மா, அது..."

"அது என்ன?" என்றாள், பல்லைத் திறக்காமலே.

முதுகுக்குப் பின்னால் ஓபியஸ் மூச்சுவிடுவது கேட்டது.

"பேரரசர் முகம்மா," என்றான் ட்ரெபியஸ். "பத்திரமா வெச்சுக்க."