சத்தமில்லாமல் கல் உடைக்க

கல் உடைப்பதற்கு முன் ராஜகோபாலன் செய்கிற ஆயத்தத்தைப் பார்த்தால், மனுஷன் கல் உடைக்கப் போகிறாரா, ஆபரேஷன் பண்ணப் போகிறாரா என்று சந்தேகம் வந்துவிடும். முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன். வீட்டுக்குள்ளேயே ஷூ. கையில் வெல்டிங்காரர்கள் மாட்டுகிற தடித்த தோல் கையுறை. பக்கவாட்டையும் மறைக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். தலையில் ஒரு ஈரத்துண்டு வேறு. அது எதற்கு என்று அவருக்கே தெரியாது.

கல்லை முதல் நாளே பக்கெட் தண்ணீரில் போட்டுவிடுவார். கல் தூசி நுரையீரலுக்குள் போனால் போனதுதான், திரும்பி வராது. ஈரக் கல்லைக் கோணிப்பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அம்மிமேல் வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரே போடு. கோணிக்குள்ளேயே உடைந்து கோணிக்குள்ளேயே கிடக்கும். ஒரு சில்லு வெளியே வராது. சீக்கிரம் உடையட்டும் என்று கல்லை நெருப்பில் சுட்டுத் தண்ணீர் ஊற்றுகிற ஆட்களும் உண்டு. அப்படிச் செய்தால் கல் முகத்திலேயே வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் உள்ளே மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டுப் பாலிஷ் போடும்போது தூளாகிப் போகும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

எல்லாம் எதற்கு? வழுவழுவென்று நாலு கூழாங்கல் செய்ய. ரிட்டையர் ஆன பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு அதற்கென்று அவர் ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். ரப்பர் உருளை ஒன்று, அதைச் சுற்றிவிட ஒரு குட்டி மோட்டார். உடைத்த கல்லையும் தண்ணீரையும் கல்லைத் தேய்க்கிற கார்போரண்டம் பொடியையும் உள்ளே போட்டு மூடிவிட்டால், வாரக்கணக்கில் அது பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்கும். ஆற்றில் உருண்ட கல் மாதிரி வெளியே வரும். ஆனால் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கல் உருளைக்கு ஆகாது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில் பள்ளம் தோண்டிய இடங்களில் அவருக்குக் கிடைக்கிற வெள்ளை வெங்கச்சங்கல்லோ ஒவ்வொன்றும் தேங்காய் சைஸ். ஸ்கூட்டர் முன்னால் வைத்துக் கீழ்க்கட்டளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். கொண்டு வந்தால் உடைத்துத்தானே ஆக வேண்டும்?

சரி. இவ்வளவு பத்திரம் பார்க்கிறவர் கல்லை எங்கே வைத்து உடைக்கிறார் என்று கேளுங்கள். ஹாலில். இரண்டாவது மாடியில், நடு ஹாலில், டைல்ஸ்மேல் அம்மியைப் போட்டு! மொட்டை மாடிப் படி அவர் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. பக்கத்து மனை காடாகக் காலியாகக் கிடக்கிறது. அங்கே போய் உடைத்தால் ஈ காக்கை கேட்காது. புத்தி கெட்டதனம் என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள், அவரும் தன்னைத்தானே அப்படித்தான் திட்டிக்கொண்டார்.

முதல் தடவை நிஜமாகவே தெரியாமல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு போடு போட்டார். மூன்றாவதுக்குக் கையை ஓங்கினபோது காலிங்பெல் அடித்தது.

அந்த பெல்லைத் தொடுகிறவர்கள் இரண்டே ஜாதி. கூரியர்காரர், சிலிண்டர்காரர். இரண்டு பேருமே அவர் பெயரைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தங்கைகளைக் கட்டிக் கொடுக்கிறவரைக்கும் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவர் ராஜகோபாலன். தள்ளித் தள்ளி ஒரு நாள் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. தங்கைகள் தீபாவளிக்குப் போன் செய்வார்கள். மற்றபடி அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் டிவி.

கதவைத் திறந்தால் கீழ்வீட்டு ஜஹீரா. முகம் சிவந்து நின்றாள். அவள் துப்பட்டாவைப் பிடித்தபடி அவள் மகள் சோயா, அழுது வீங்கிய கண்ணோடு.

“ஏன் சார், மேல என்னதான் பண்றீங்க? எங்க ஹால்ல ஃபேனே ஆடுது. குழந்தை இப்பதான் தூங்குச்சு, தூக்கிவாரிப் போட்டு எழுந்துடுச்சு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஈரத்துண்டு, கண்ணாடி, மாஸ்க், கையுறை, ஷூ. கோபம் எங்கே போனதோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அம்மா சிரித்ததைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தது.

“மன்னிச்சுக்கம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்” என்று மாஸ்க்கைக் கழற்றினார். “கல்லு உடைக்கிறேன்.”

“கல்லா? எதுக்கு சார்?”

எதுக்கு என்று ஒரு மனுஷி கேட்டுவிட்டாள்! உள்ளே கூப்பிட்டு மெஷினைக் காட்டினார். பொடியைக் காட்டினார். பாலிஷ் ஆன கற்களைத் தட்டில் கொட்டிக் காட்டினார். சோயா ஒன்றை எடுத்து வாயில் போடப் போனாள், ஜஹீரா பிடுங்கினாள். கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை, பொட்டுக்கடலையைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு தொண்டை கட்டியிருப்பது தெரிந்தது. சளியோ என்று பார்த்தார். சளி இல்லை. ஒரே மூச்சில் அவ்வளவு பேசி எத்தனை வருஷம் ஆயிற்று!

அடுத்த ஞாயிறு யோக்கியமாக மொட்டை மாடிக்குப் போய்த்தான் உடைத்தார். உடைத்துவிட்டு வந்து குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? வருவதற்கு என்ன இருக்கிறது?

அதற்கடுத்த ஞாயிறு அம்மி ஹாலுக்கு வந்துவிட்டது.

இந்தத் தடவை ஜஹீராவின் புருஷன் முதாசிர் வந்தான். பல்லாவரத்தில் கேட், கிரில் செய்கிற ஷெட் வைத்திருக்கிறவன்.

“இன்னா சார், வூட்டுக்குள்ளயே குவாரி வச்சிகினு கீறீங்களா? சீலிங்லேர்ந்து பொடி கொட்டுது. பாப்பா எழுந்து ஒரே அழுகை, பேஜாராப் போச்சு.”

“உள்ள வாங்க பாய். டீ சாப்பிடுங்க” என்றார் ராஜகோபாலன். பால் பாக்கெட் தயாராக வாங்கி வைத்திருந்தார். இவர் கடுங்காப்பிக்காரர், அந்த வீட்டுக்குள் பாலே வருவதில்லை.

திட்ட வந்தவன் டீ குடித்தான். இரும்பு விலை, கரண்ட் கட், ஷெட் இடத்துக்காரரின் அழும்பு எல்லாம் பேசினான். இனிமேல் மாடியில் உடைப்பதாக ராஜகோபாலன் சத்தியம் செய்தார். அடுத்த வாரமே முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் மேலே வெயில் என்றார். அவர்களும் எவ்வளவுதான் சண்டை போடுவார்கள்? ஒரு வாரம் ஜஹீரா வருவாள், ஒரு வாரம் முதாசிர். திட்டு குறைந்துகொண்டே வந்தது, உட்காருகிற நேரம் கூடிக்கொண்டே வந்தது. ரம்ஜானுக்கு ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சிகூட வந்தது.

ஞாயிறு வந்தால் கல்லுக்கு ஒரு போடு, காது முழுக்கப் படியில். செருப்புச் சத்தம் கேட்டதா? இல்லையா? இன்னொரு போடு. இப்படி ஆகிவிட்டது பிழைப்பு. ஒரு சின்னக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்துத்தான் தனக்கு ஆள் சேர்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது, வெட்கமாக இருந்தது, சனிக்கிழமை முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருப்பார். ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் அந்த வீட்டில் ஒரு நிசப்தம் இறங்கும் பாருங்கள், அதைத் தாங்க அவரால் முடியவில்லை.

ஒருநாள் முதாசிர் டீயை ஆற்றிக்கொண்டே, “எம்மாம் பெரிய கல்லு வரைக்கும் ஒடைப்பீங்க சார்?” என்று கேட்டான். பக்கெட்டில் கிடந்த கல்லை எடுத்துச் சாணால் அளந்தும் பார்த்தான். ராஜகோபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கல்லைப் பற்றி ஒருவன் தானாகக் கேட்கிறான்! அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடித்தார், நிறுத்தினார், கேட்டார். படியில் சத்தமில்லை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஜஹீராவின் துணி கொடியில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் வீட்டில்தான் இருக்கிறார்கள். கேட்டும் வரவில்லை. சலித்துவிட்டது அவர்களுக்கு. போயும் போயும் ஒரு கிழவன், வாராவாரம் அதே கல்லு, அதே டீ.

அப்போதுதான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தார். கோணியை அவிழ்த்தார். கோணி சத்தத்தை அமுக்குகிறது என்று தோன்றிவிட்டது. வெறுங்கல்லை அம்மிமேல் வைத்து, இரண்டு கையாலும் சுத்தியலை ஓங்கி இறக்கினார்.

கட்டிடமே அதிர்ந்தது. கூடவே நெற்றியில் சுரீர் என்றது. சில்லு ஒன்று புருவத்துக்கு மேலே கீறிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. கண்ணாடி மட்டும் இல்லையென்றால் கண் போயிருக்கும். கையுறையால் தொட்டுப் பார்த்தார். ரத்தம்.

பெல் அடித்தது.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்! ரத்தம் வழிய ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மூன்று பேருமே நின்றார்கள். முதாசிர் கையில் புது பெயிண்ட் வாசனையோடு கனமான இரும்புச் சட்டம் ஒன்று.

“அல்லாஹ்! என்ன சார் இது ரத்தம்?” ஜஹீரா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். “அவ்வளவு பாதுகாப்புப் பேசுவீங்களே, கோணி எங்க போச்சு? வயசான காலத்துல கண்ணு போயிருந்தா யார் பார்ப்பா?” கீழே ஓடிப்போய்ப் பஞ்சும் டெட்டாலும் கொண்டுவந்து துடைத்தாள். டெட்டால் எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது அவருக்கு. நெற்றியில் வேறொருவர் கைபட்டு எத்தனையோ காலம்.

முதாசிர் சட்டத்தை ஹாலில் இறக்கி வைத்தான். சட்டத்தின் அடிப்பக்கத்தில், காரைத் தூக்கக் கொடுக்கிற ஜாக்கி ஒன்று. மேல் சட்டத்தில் ஒரு உளி முனை, ஜாக்கியின் தலையில் ஒரு உளி முனை, ஒன்றையொன்று பார்த்தபடி வெல்டிங் செய்யப்பட்டிருந்தன.

“ரெண்டு ஞாயித்துக்கெழமையும் ஷெட்லயே பூட்ச்சு சார். உங்க கல்லு சைஸுக்குத்தான் செஞ்சேன். கல்லை இப்டி நடுவுல வையுங்க, மேல கோணிய மூடுங்க, கைப்பிடியச் சுத்துங்க. அவ்ளோதான்.”

சுற்றிக் காட்டினான். முனைகள் கல்லைக் கவ்வின. இன்னும் ஒரு சுற்று. கோணிக்குள் ‘டிக்’ என்றது. தேங்காய் இரண்டாகப் பிளந்த மாதிரி கல் பிளந்து கிடந்தது. சோயா கைதட்டினாள்.

“பாத்தீங்களா? சத்தமே இல்ல. சம்மட்டி, சில்லு ஒண்ணும் கெடையாது. பாப்பாவும் தூங்கும்.” அவன் முகமெல்லாம் பெருமை. “இனிமே நாங்களும் வாராவாரம் மேல வந்து உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டோம் சார்.”

தொந்தரவு இல்லை பாய் என்று சொல்லத்தான் நினைத்தார். இவ்வளவு நாள் தூக்கத்தைக் கெடுத்த மனுஷனுக்காக ஒருவன் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து இரும்பை வளைத்திருக்கிறான். அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? கையெடுத்துக் கும்பிட்டார். டீ போடட்டுமா என்றார். இன்னொரு நாள் சார், நிக்காஹ் ஒண்ணுக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு வந்தது. கண்ணாடி மாட்டினார், கையுறை போட்டார், கல்லை வைத்தார், கோணியை மூடினார், சுற்றினார். டிக். அடுத்த கல். டிக். பக்கெட்டில் இருந்த அத்தனை கல்லும் உடைந்து முடிந்தது. சுவரிலிருந்த கடிகாரத்தின் சத்தம் அதைவிட அதிகமாக இருந்தது. அடுப்படியில் பால் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது.

சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அந்த வீட்டுக் கதவை அவர் தட்டுவது அதுதான் முதல் தடவை. மெஷின் கைப்பிடி இறுகிவிட்டது, பாய் வந்து பார்க்க முடியுமா என்று கேட்பதாகப் படியிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பெல்லை அடிக்கப் போனவர், குழந்தை ஞாபகம் வந்து, விரலால் மெல்லத் தட்டினார்.

ஜஹீரா பாதிக் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டாக்கி, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாயில் முதாசிரும், அவன் மார்மேல் சோயாவும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சார்? மெஷின்ல ஏதாவது கோளாறா?” என்று கிசுகிசுத்தாள்.

தூங்குகிறவனைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்ல மனசு வரவில்லை. “இல்லம்மா, அருமையா வேலை செய்யுது” என்றார் அவரும் கிசுகிசுப்பாக. “இன்னைக்கு நிறைய உடைச்சேன். இங்க சத்தம் ஏதாவது கேட்டுச்சான்னு கேக்கலாம்னுதான்...”

“ஐயோ, ஒண்ணுமே கேக்கல சார்!” ஜஹீராவின் முகம் மலர்ந்தது. அவரைச் சந்தோஷப்படுத்த அதைவிட நல்ல வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை. “நீங்க மேல இருக்கீங்கங்கறதே தெரியல.”

“அப்படியா? சந்தோஷம்மா” என்றார் ராஜகோபாலன். குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் படி ஏறினார்.