நாலு மூலையும் முப்பத்தைந்து

முப்பது வருஷமாக ஏ.சி. பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு, மகள் வளர்க்கும் ஓணானின் கண்ணாடிப் பெட்டியைச் சூடாக்குவது சுண்டைக்காய் வேலை. பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பிய மகள், எங்கே எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "எனக்கே பாடமா!" என்று அவர் அதைப் படிக்காமலே நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். மேசை நின்றது. அந்த மட்டில் தாள் பயன்பட்டது.

பிறகு தொழிலைக் காட்டினார். 'எல்லா மூலையிலும் ஒரே அளவு' என்பது அவர் விசிட்டிங் கார்டில் அச்சடித்த வாக்கு. நடுவில் விளக்கு, காற்றைச் சுழற்றச் சின்ன விசிறி, மூலைக்கொரு தெர்மாமீட்டர். மூன்றாம் நாள் நான்கும் முப்பத்தைந்து காட்டின. அரை டிகிரி பிசகில்லை. அமைச்சர் அறைக்குக்கூட இப்படி அமைந்ததில்லை.

வீட்டில் 'துரை' என்று அழைக்கப்பட்ட அந்த ஓணானுக்குத்தான் அருமை தெரியவில்லை. வாயைப் பிளந்தபடி கண்ணாடியைப் பிராண்டியது. இரைக்குப் போட்ட வெட்டுக்கிளி அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் வயிறு ஒட்டிப்போயிற்று.

"மூணு நாளா பட்டினி. இது செத்துப் போச்சுன்னா அவ முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள் மனைவி.

"திமிரு. இந்த வசதியில நாமகூட வாழ்ந்ததில்ல."

"காலையில நீங்க மொட்டை மாடி வெயில்ல நிக்கறீங்க. சுட்டா உள்ள வந்துடறீங்க. கதவை நான் பூட்டிட்டா?"

மனைவி குனிந்து தாளை உருவினாள். மேசை ஆடியது. உரக்கப் படித்தாள்: "ஒரு ஓரம் நாப்பது, மறு ஓரம் இருபத்தஞ்சு. துரைக்கு எங்க வேணுமோ அங்க அதுவே நடந்து போய்க்கும். அப்பா, விசிறி கிசிறி வெச்சிடாதீங்க."

மகளுக்கு அப்பாவை நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஒரே பெட்டியில பதினஞ்சு டிகிரி வித்தியாசமா? அதுக்குப் பேரே பழுதுடி!"

"அப்ப பழுதாக்குங்க. உங்களுக்குத் தெரியாததா?"

சொந்தப் பல்லைத் தானே பிடுங்கும் முகத்தோடு விசிறியைக் கழற்றினார். விளக்கை ஓரத்துக்குத் தள்ளினார். ஒரு மணி நேரத்தில் நான்கு தெர்மாமீட்டரும் நான்கு கதை சொல்லின. துரை விளக்கடியில் கல்மேல் ஏறிக் காய்ந்தது, பிறகு நிதானமாக மறு ஓரத்து நிழலுக்கு நடந்தது. போகிற வழியில் வெட்டுக்கிளியை விழுங்கியது.

மேசை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து, நாலாக மடித்து, காலுக்கு முட்டுக் கொடுத்தார்.